கணக்குக் கேட்டால் கல்ச்சுரல்ஸ் கெட்டுப் போகுமா?

பிப்ரவரி, மார்ச் வந்தால் போதும். கல்லூரி வாசல்களில் பிளெக்ஸ் பேனர்கள் முளைத்துவிடும். தாளாளர் படம் ஓர் ஆள் உயரத்துக்கு. பக்கத்தில், வரப்போகும் நடிகரின் படம் இரண்டு ஆள் உயரத்துக்கு. கீழே மூலையில் பொடி எழுத்தில் 'மாணவர்கள் வழங்கும் கலை விழா' என்று ஒரு வரி.

அந்த மாணவர்களில் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். நடிகரைத் தேர்ந்தெடுத்தது யார்? எவ்வளவு செலவு? ஸ்பான்சர் எவ்வளவு கொடுத்தார்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும். "தெரியாது சார், மேனேஜ்மென்ட் பாத்துக்கும்."

மேனேஜ்மென்ட்டும் பார்ப்பதில்லை. ஓர் ஈவென்ட் கம்பெனிக்கு மொத்தமாக கான்ட்ராக்ட் விட்டுவிடுகிறது. மேடை, லைட், சவுண்ட், தொகுப்பாளர், டி.ஜே., சாப்பாட்டு ஸ்டால் எல்லாம் ஒரே பேக்கேஜ். கல்யாண மண்டபத்தில் தாலி தவிர எல்லாவற்றையும் கான்ட்ராக்டர் கொண்டுவருவதுபோல, இங்கே கைதட்டல் தவிர எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. மாணவர்களுக்கு என்ன வேலை? ஸ்பான்சர் பெயர் போட்ட டி‍-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கயிறு பிடித்து நிற்பது. மாணவிகளுக்கு? கோலம், குத்துவிளக்கு, பன்னீர்ச் சொம்பு. வரவு செலவு நோட்டு ஒரு மாணவி கையில் இருப்பதை எத்தனை கல்லூரிகளில் பார்க்க முடியும்?

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? பல கல்லூரிகளின் ஃபீஸ் ரசீதில் அசோசியேஷன் ஃபீஸ், கல்ச்சுரல் ஃபீஸ் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு வரி இருக்கும். தலைக்கு 500 ரூபாய் என்றே வையுங்கள். மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் அது 15 லட்சம். ஸ்பான்சர் பணம் தனி. இந்தப் பணம் எப்படிச் செலவானது என்று ஒரு பக்கக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் கல்லூரி உங்களுக்குத் தெரிந்து எத்தனை?

நான் பி.காம். படித்தவன். வணிகவியலில் லாப நோக்கமற்ற அமைப்புகளின் கணக்குகள் என்று ஒரு பாடம் உண்டு. ஏதோ ஒரு கற்பனை ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சந்தா, நன்கொடை, வாடகை எல்லாவற்றையும் கொடுத்து ரெசீட்ஸ் அண்ட் பேமென்ட்ஸ் அக்கவுன்ட் போடச் சொல்வார்கள். இன்றும் மாணவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இல்லாத கிளப்பின் கணக்கைச் சரியாகப் போட்டால் மார்க் கிடைக்கும். இருக்கிற கல்லூரியின் கணக்கைக் கேட்டால் டி.சி.தான் கிடைக்கும்.

தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரியில் வணிகவியல் மன்றம் இருந்தது. சில ஆயிரம் ரூபாய்தான் வருஷ பட்ஜெட். தொடக்க விழாவில் பட்டிமன்றமா, மெல்லிசையா என்று இரண்டு கோஷ்டி. வாரக்கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் பட்டிமன்றம் ஒரு மணி நேரம், பாட்டு அரை மணி நேரம் என்று ராஜியானோம். மைக் செட் வாடகைக்குப் பேரம் பேசினோம். டீக்கடைக்காரரிடம் பில் புத்தகம் கிடையாது என்பதால் வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். விழா முடிந்த மறுவாரம் பொருளாளர் வகுப்பில் எழுந்து நின்று கணக்கு வாசித்தார். சமோசா எண்ணிக்கையில்கூடக் குறுக்குக் கேள்வி வந்தது. நாங்கள் ஜனநாயகம் கற்றுக்கொண்டது அரசியல் சட்டப் புத்தகத்தில் அல்ல, அந்த சமோசாக் கணக்கில்தான்.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு விழாவைத் திட்டமிடுவது பாடத்துக்கு நடுவே வரும் பொழுதுபோக்கு அல்ல. அதுவே பாடம். ஒத்துவராதவனோடு உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வருவது, அடுத்தவர் பணத்துக்குப் பதில் சொல்வது, அதிகாரியிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குவது, கூட்டத்துக்குப் பொறுப்பேற்பது. இந்த நாலையும் எந்த வகுப்பறையிலும் சொல்லித்தர முடியாது. செய்துதான் கற்க வேண்டும்.

"இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா?" என்று கேட்பவர்கள் கிண்டியில் இருக்கும் ஐ.ஐ.டி.க்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே 'சாரங்' விழாவை மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். முன்பு 'மார்டி கிரா' என்று இருந்து 1996-ல் பெயர் மாறிய விழா. 2000-ல் தொடங்கிய 'சாஸ்த்ரா' தொழில்நுட்ப விழாவையும் மாணவர்களே நடத்தி ஐ.எஸ்.ஓ. தரச்சான்றிதழ்கூட வாங்கினார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் 'ஃபெஸ்டம்பர்' 1975-லிருந்து நடக்கிறது. ஆக, நுழைவுத்தேர்வில் ஜெயித்த பையனிடம் பெரிய விழாவையே நம்பிக் கொடுக்கலாம். விழுப்புரம் பக்கத்தில் சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கும் பெண்ணிடம் மைக் செட் வாடகையைக்கூட நம்பிக் கொடுக்கக் கூடாதா? இருவருக்கும் ஒரே வயசுதானே?

ஐ.ஐ.டி.யிலும் சுதந்திரம் பாட்டு, டான்ஸ் வரைதான் என்பதை 2015-ல் பார்த்தோம். அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் அமைப்பு கருத்தரங்கம் நடத்தியது, துண்டறிக்கை கொடுத்தது. மத்திய அமைச்சகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. மே மாதம் அமைப்பின் அங்கீகாரம் ரத்தானது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஜூன் மாதம் அங்கீகாரம் திரும்பி வந்தது. ஆடலாம், பாடலாம், பேசக் கூடாது. இதுதான் நம் கல்வி நிறுவனங்களின் எழுதப்படாத சட்டம்.

எழுதப்பட்ட விதி ஒன்றும் இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான கமிட்டி மாணவர் தேர்தல் பற்றி 2006-ல் அறிக்கை கொடுத்தது. அதை அமல்படுத்தச் சொல்லி அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்வியாண்டு தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் ஆண்டுதோறும் மாணவர் தேர்தல் நடக்க வேண்டும். சூழ்நிலை சரியில்லாத இடத்தில் மட்டும் தற்காலிகமாக நியமன முறை வைத்துக்கொள்ளலாம். அதையும் ஐந்து ஆண்டுகளில் தேர்தல் முறைக்கு மாற்றிவிட வேண்டும். அந்த ஐந்து ஆண்டு 2011-லேயே முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தல் என்ற பேச்சே கிடையாது. நன்றாக மார்க் வாங்கும், எதிர்த்துப் பேசாத ஒரு பிள்ளையை ஹெச்.ஓ.டி. கைகாட்டுவார். அவர்தான் மாணவர் தலைவர்.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம் உண்டு. தேர்தலில் நிற்கும் மாணவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கை நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். அதை நிர்வாகம் வெளியிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஐயாயிரம் செலவழிக்கும் மாணவனுக்கு ஆடிட் வேண்டும் என்றால், அவனிடமிருந்தும் அவன் தோழர்களிடமிருந்தும் லட்சக்கணக்கில் வசூலிக்கும் நிர்வாகத்துக்கு ஆடிட் ரிப்போர்ட்டை மாணவர்களிடம் காட்டும் கடமை வேண்டாமா?

"பசங்க கையில கொடுத்தா அடிதடி, ஜாதிச் சண்டைதான் வரும்" என்பார்கள். மாணவர் கையில் எதுவுமே கொடுக்காமல் வைத்திருக்கும் இத்தனை காலத்தில் கல்லூரிகளில் ஜாதி ஒழிந்துவிட்டதா என்ன? 2019 செப்டம்பரில் தாம்பரம் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் 'பிகில்' பட இசை வெளியீடு நடந்தது. வெளியே ரசிகர் கூட்டத்தில் தள்ளுமுள்ளு, போலீஸ் தடியடி. அதைத் திட்டமிட்டது மாணவர்களா? கல்லூரி வளாகத்தை சினிமா விளம்பரத்துக்குத் திறந்துவிட்டவர்கள் பெரியவர்கள்தான்.

இன்னொரு உதாரணம் நிஜமாகவே பயமுறுத்தக்கூடியது. 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப விழாவையொட்டி இசை நிகழ்ச்சி. மழை வந்ததும் வெளியே நின்ற கூட்டம் அரங்கத்துக்குள் முண்டியடித்தது. வாசல் படிக்கட்டில் சரிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் மூன்று பேர் மாணவர்கள். இதைக் காட்டி, "பாத்தீங்களா, அதான் நாங்க விடறதில்ல" என்கிறார்கள். ஆனால் அங்கே போலீஸ் பாதுகாப்பு கேட்டுப் பதிவாளருக்குக் கடிதம் போயும் நடவடிக்கை இல்லை என்பதுதான் பிறகு பெரிய சர்ச்சையானது. அந்தச் சாவு சொல்லும் பாடம் விழாவை மாணவர்களிடமிருந்து பிடுங்கு என்பதல்ல. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை வாசல், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், போலீசுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடும் பழக்கத்தை இரு தரப்புக்கும் கற்றுக்கொடு என்பதுதான்.

ஆகாத காரியம் எதையும் கேட்கவில்லை. வருஷா வருஷம் மாணவர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் விழாக் குழு. அதில் பாதி மாணவிகள், பொருளாளர் பதவி உட்பட. விழாவுக்குத் தனி வங்கிக் கணக்கு, மாணவர் ஒருவர், ஆசிரியர் ஒருவர் என்று இரண்டு கையெழுத்து. விழா முடிந்து இரண்டு வாரத்தில் வரவு செலவு நோட்டீஸ் போர்டில். பாதுகாப்பு ஏற்பாட்டை எழுதிக் கொடுக்காமல் அனுமதி இல்லை. சினிமா புரமோஷனுக்கு வேறு மண்டபம் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த நாட்டில் 18 வயசானால் ஓட்டுப்போடலாம் என்று 1989-லிருந்து அமலில் இருக்கிறது. கோட்டையில் யார் உட்காருவது என்று முடிவு செய்ய அந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் உரிமை உண்டு. கல்லூரி மேடையில் யார் பாடுவது என்று முடிவு செய்ய மட்டும் உரிமை கிடையாதாம்.

கல்லூரி மன்ற மேடையில் பேசிப் பழகி அரசியலுக்கு வந்தவர்கள் பலர் இந்த மாநிலத்தில் உண்டு. அரசியல்வாதிகளில் கல்லூரி முதலாளிகளும் உண்டு. ஏறி வந்த ஏணியை மாடியில் தூக்கி வைத்துப் பூட்டுவதுபோல இருக்கிறது இது.

பிள்ளைகள் கேட்டால் டி.சி. மிரட்டல் வரும். எனவே பெற்றோர்கள் ஆரம்பிக்கலாம். பீரோவில் இருக்கும் ஃபீஸ் ரசீதை எடுங்கள். அந்த ஒரு வரியைத் தேடுங்கள். போன வருஷத்துக் கணக்கைக் கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் இன்னும் பத்துப் பெற்றோரோடு சேர்ந்து எழுதுங்கள். ஃபீஸ் கட்ட ஒரு நாள் தாமதமானால் உங்களிடம் ஃபைன் வாங்குகிறவர்கள்தானே அவர்கள்?