வீட்டுக்குள்ளேயே உடந்தை

அமெரிக்காவின் பால்டிமோரில் 1951இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பலியானார் ஹென்ரியெட்டா லாக்ஸ். அவரது கட்டியிலிருந்து எடுத்த ‘ஹீலா’ செல்கள் மட்டும் சாகவில்லை; இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. இதன் மர்மம் 1980களில் விலகத் தொடங்கியது. அந்த செல்களுக்குள் குடியிருந்தவை பாப்பிலோமா வைரஸின் 18ஆம் வகை ஜீன்கள். அந்த வகையையும் 16ஆம் வகையையும் கண்டறிய வழிவகுத்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு ஸுர் ஹாஸனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸின் ஜீன்களில் வில்லன்கள் இரண்டு: ஈ6, ஈ7. பழுதான செல் பெருகாமல் காவல் காக்கும் பி53 என்ற புரதத்தை ஈ6 தீர்த்துக்கட்டுகிறது. செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் ஆர்.பி. புரதத்தை ஈ7 முடக்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஜீன்களைத் தானாக இயக்கும் திராணி வைரஸுக்கு இல்லை. சுமார் 7,900 எழுத்துகள் கொண்ட அதன் டி.என்.ஏ.யில் 850 எழுத்துகள் அளவிலான ஒரு பகுதிதான் ஸ்விட்ச் போர்டு. ஸ்விட்சைப் போடும் விரல்களோ மனித செல்லுக்குச் சொந்தமானவை. ஏ.பி.-1, எஸ்.பி.-1 ஆகிய புரதங்களின் அன்றாட வேலை நமது ஜீன்களை இயக்குவது. வைரஸின் போர்டில் அமர்ந்தால் அதற்கும் அதே விசுவாசத்தோடு உழைக்கின்றன.

வைரஸிடம் ஒரு பிரேக்கும் உண்டு. ஈ2 என்ற அதன் புரதம் எஸ்.பி.-1ஐ நகர்த்திவிட்டு ஈ6, ஈ7ஐ அடக்கி வைக்கிறது. ஆனால் வைரஸின் டி.என்.ஏ. மனித குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும்போது பெரும்பாலும் அறுபடுவது ஈ2 ஜீன்தான். பிறகு வண்டி தறிகெட்டு ஓடுகிறது. ஹீலா செல்களுக்குள் ஈ2ஐத் திரும்பச் செலுத்தியபோது அவை பெருகுவதை நிறுத்தி மூப்படைந்தன என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது.

விரலையே மடக்க முடியுமா? நொய்டா விஞ்ஞானிகள் முயன்றார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின், ஹீலா செல்களில் ஏ.பி.-1இன் செயலையும் வைரஸ் ஜீன்களின் இயக்கத்தையும் குறைத்ததாக 2005இல் அறிவித்தார்கள். அதற்காக மஞ்சள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடப்பதில்லை. தவிர, ஏ.பி.-1 ஆரோக்கியமான செல்களுக்கும் தேவை. உடந்தையை ஒழிக்கப்போய் வீட்டையே இடித்துவிடக் கூடாது என்பதுதான் சிக்கல்.

இதனிடையே இழப்பு தொடர்கிறது. 2022இல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்நோய் வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள் என்கிறது சர்வதேச மதிப்பீடு. அதே ஆண்டில்தான் இந்தியத் தயாரிப்பான ‘செர்வாவாக்’ தடுப்பூசி அனுமதி பெற்றது. தடுப்பூசி திருடனை வாசலிலேயே நிறுத்தும்; ஏற்கெனவே நுழைந்தவனை விரட்டாது. அவனைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைதான் வழி. தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அந்த அவகாசத்தை வீணாக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது பிழைப்பு.