நடைமுறையில் இல்லை

2020 ஊரடங்கு நேரம். வெளியூரில் கணினி வேலை பார்க்கும் பேரன் புதுச்சேரிக்கு வந்து, எங்கள் மாடி அறையையே ஆபீஸ் ஆக்கிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மதியம் சாப்பிட இறங்கி வந்தவன் முகம் சரியில்லை.

"என்னப்பா?" என்றேன்.

"ஒரு ஆப்ஷன் இருக்கு தாத்தா. மத்த லினக்ஸ்ல எல்லாம் வேலை செய்யுது. ரெட் ஹாட்ல மட்டும் முடக்கி வெச்சிருக்காங்க. தட்டினா, இங்க இதை உபயோகிக்க முடியாதுன்னு சொல்லிட்டு நின்னுடுது."

"உடனே சொல்லிவிட்டதா? ரொம்ப யோக்கியமான ஆபீஸ்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நான் கேலிக்குச் சொல்லவுமில்லை.

அவன் எனக்கு விளக்கியதை என் அறிவுக்கு எட்டியபடி சொல்கிறேன். பெரிய நிறுவனங்களில் ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளாலேயே பல கணினிகளை உண்டாக்கி ஓட்டுகிறார்கள். மெய்நிகர் கணினி என்று பெயர். விஎம்வேர் அமைப்பில் ஓடும் அப்படி ஒன்றை லினக்ஸின் கேவிஎம் அமைப்புக்குக் குடிமாற்ற 'விர்ட்-வி2வி' என்று ஒரு கருவி இருக்கிறது. அப்படியே தூக்கி வைத்தால் புது இடத்தில் அது எழுந்திருக்காது. அங்கே உள்ள வட்டுக்கும் வலை அட்டைக்கும் ஏற்ற டிரைவர்களை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். இதையெல்லாம் அந்தக் கருவி ஒரு நகலில்தான் செய்யும், அசலைத் தொடாது. பாதியில் கெட்டால் நகலை எறிந்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

பேரன் கேட்ட விருப்பத்தின் பெயர் 'இன்-பிளேஸ்'. கட்டளையின் பின்னால் இரண்டு கோடு போட்டு இதைச் சேர்த்தால், நகல் எடுக்காமல் அசலிலேயே கை வைக்கும். இடமும் நேரமும் மிச்சம். ஆனால் பாதியில் நின்றால் அசலே போச்சு. கருவியின் கையேடே, இது வேறு கருவிகளோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்கானது, தவறினால் பழைய நிலைக்குத் திருப்பும் பொறுப்பு அவற்றுடையது என்று சொல்லியிருந்ததாம். எங்கள் ஊர் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜாக்கிரதை புரியும். பின்னால் ஒரு மாற்றம் வந்தால் பதிவின் உள்ளே அடித்து எழுத மாட்டார்கள். ஓரத்தில்தான் குறிப்பார்கள்.

கருவியின் பொதுப் பதிப்பில் அந்த விருப்பம் இருந்தது. ரெட் ஹாட் நிறுவனமோ காசு வாங்கிக்கொண்டு வாடிக்கையாளருக்குப் பொறுப்பேற்கிறது. பொறுப்பேற்க விரும்பாத அந்த விருப்பத்தைத் தன் பதிப்பில் மட்டும் முடக்கிவிட்டது.

இது சரி என்பேன். காரணம் என் பழைய கதை ஒன்று.

நான் எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில் உதவித்தொகை விண்ணப்பம் வாங்குவது என் வேலை. பணம் எப்படி வேண்டும் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: நேரில், வங்கி, மணியார்டர். மணியார்டர் அனுப்புவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. படிவம் மட்டும் பழைய அச்சிலேயே வந்துகொண்டிருந்தது. கால் முடியாத ஒரு பாட்டி, தபால்காரர் வீட்டுக்கே வந்து கொடுப்பார் என்று மணியார்டர் கட்டத்தில் குறி போட்டார். எனக்குத் தெரியும். ஆனால் அச்சடித்த படிவத்தை மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டு, முத்திரை குத்தி மேலே அனுப்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து, 'வேறு முறையைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற ஒரு வரியோடு அது திரும்பி வந்தது. அதற்குள் அந்த அம்மாள் பித்தளை அண்டாவை அடகு வைத்துச் சாப்பிட்டிருந்தார். என்னைத் திட்டக்கூட இல்லை. "முதல்லயே சொல்லியிருந்தா வங்கின்னே போட்டிருப்பேனே, தம்பி" என்றார்.

அன்று சாயங்காலமே மீதமிருந்த படிவக் கட்டு முழுவதிலும் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்து, 'நடைமுறையில் இல்லை' என்று எழுதினேன். அச்சடித்த படிவத்தில் கை வைக்க நீ யார் என்று மேலதிகாரி கேட்டார். கேட்கட்டும். ரெட் ஹாட்காரர்கள் செய்ததும் இதுதானே? வேறு இடத்தில் அச்சான படிவம். தங்கள் ஜன்னலில் செல்லாத கட்டத்தைத் தாங்களே அடித்துவிட்டார்கள்.

பேரன் விடவில்லை. "எனக்கு அதன் ஆபத்து தெரியும் தாத்தா. தெரிஞ்சவனையும் சேர்த்து ஏன் தடுக்கணும்?"

நியாயமான கேள்விதான். அடித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அதுவும் பிழை. முடக்கினால் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. தட்டியவுடனே, வேலை தொடங்கும் முன்பே, இங்கே இது இல்லை என்று சொல்ல வேண்டும். கையேட்டிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். மாற்று வழி இருந்தால் காட்ட வேண்டும். பின்னர் வந்த 2-ஆம் பதிப்புத் தொடரில் இந்த வேலைக்கென்றே 'விர்ட்-வி2வி-இன்-பிளேஸ்' என்று ஒரு தனிக் கருவி வந்துவிட்டது. தெரிந்தவர்கள் தெரிந்தே அந்த வாசலில் நுழையலாம். மற்றவர் தவறிப்போய் அசலை அழித்துக்கொள்ள மாட்டார்கள். பேரன் கேள்விக்கு அதுதான் சரியான பதில் என்று நினைக்கிறேன்.

சின்ன வயதில் பிரெஞ்சுப் பாடத்தில் சாலைப் பலகைகளைப் பற்றிப் படித்தோம். அதில் ஒன்று 'சான்ஸ் இஸ்யு', அதாவது முட்டுச் சந்து. "இந்தப் பலகையை எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டார் வாத்தியார். சுவரில் என்று நான் சொன்னேன். வகுப்பே சிரித்தது. தெரு முனையில் வைக்க வேண்டும், சுவர் வரை நடந்தவனுக்குப் பலகை எதற்கு என்றார் அவர்.

பேரன் அன்று ராத்திரி இன்னொரு வட்டு ஏற்பாடு செய்து நகல் எடுத்தே மாற்றினான். முதல் தடவை ஏதோ டிரைவர் பிழை, பாதியில் நின்றுவிட்டது. அசல் பத்திரமாக இருந்தது. விடியற்காலை காபிக்கு இறங்கி வந்தவன் ரெட் ஹாட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.