வேப்பைத் தடை பண்ணீங்க, சரி. சிகரெட்டை விட நினைக்கிறவனுக்கு என்ன குடுத்தீங்க?

தோழர்களே, பேஜ் இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ப்ரோ, சிகரெட்டை விடணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குச் சேஃபான வேப் எது? ஒரு மாடல் சொல்லுங்க."

நேராவே சொல்லிடுறேன். இன்னைய தேதிக்கு இந்தியாவுல நீங்க காசு குடுத்து வாங்குற எந்த வேப்பையும் சேஃப்னு யாராலும் சொல்ல முடியாது. இன்ஜினியரிங் படிச்சவனா காரணமும் சொல்றேன்.

வேப்ங்கிறது ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சின்ன கம்பிச்சுருள், அதோட ஒட்டின பஞ்சு, பஞ்சுல ஊறின நிக்கோட்டின் திரவம். கம்பி சூடானா திரவம் ஆவியாகும், அவ்வளவுதான். புகையிலை எரியாததால தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட் மாதிரி வராது. சிகரெட்டை விட இது கெடுதல் குறைவுன்னு பிரிட்டன் சுகாதாரத் துறை சொல்றதுக்கு அடிப்படை இதுதான். ஆனா அங்க சட்டம் இருக்கு. ஒரு மில்லி திரவத்துல 20 மில்லிகிராமுக்கு மேல நிக்கோட்டின் இருக்கக் கூடாது, டேங்க் 2 மில்லியைத் தாண்டக் கூடாது, விற்கும் முன்னாடி அரசுக்குத் தகவல் குடுக்கணும்.

இங்க டெலிகிராம்ல ஒருத்தன் அனுப்புற டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியாது. 2019-ல அமெரிக்காவுல நுரையீரல் பாதிச்சு 2,800 பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, 68 பேர் செத்தாங்க. பெரும்பாலும் தெரிஞ்சவன் மூலமாவும் கள்ளச் சந்தையிலயும் வாங்கின கஞ்சா எண்ணெய் கார்ட்ரிட்ஜ். அதுல கெட்டிப்படுத்தக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம்னு பிறகு கண்டுபிடிச்சாங்க. சோதனை இல்லாத திரவம்னா இதுதான் நிலைமை. பாக்கெட்ல பேட்டரி வெடிச்சாலும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக உங்ககிட்ட பில் இருக்காது.

அதனால மாடல் பேர் கேட்காதீங்க, சொல்ல மாட்டோம்.

சரி, இப்போ உங்களைத் திட்டி முடிச்சாச்சு. திட்ட வேண்டிய இடத்துக்கு வருவோம்.

2019 செப்டம்பர் 18. ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பத்திரிகையாளர்கள் முன்னாடி வந்து இ-சிகரெட்டுக்குத் தடைன்னு அறிவிச்சாங்க. டிசம்பர்ல அது சட்டமே ஆயிடுச்சு. விற்றா முதல் தடவை ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். இளைஞர்களைக் காப்பாத்தத்தான் தடைன்னாங்க. அதை நாம எதிர்க்கல. மாம்பழ வாசனையில நிக்கோட்டின் வித்தா ஸ்கூல் பையன் சிக்குவான், அது உண்மை.

ஆனா அன்னைக்குச் சாயங்காலமும் பெட்டிக்கடையில தீக்கயிறு தொங்கிட்டுதானே இருந்துச்சு? இன்னைக்கும் தொங்குது. இந்தியாவின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனி ஐடிசியில பொதுத்துறை எல்ஐசிக்கு மட்டும் சுமார் 15 சதவீதப் பங்கு. அரசோட இன்னொரு அமைப்பு வழியா இன்னும் ஏழு சதவீதத்துக்கு மேல. டிவிடெண்ட் வருஷா வருஷம் வருது. ஒரு கையில லத்தி, இன்னொரு கையில பங்குப் பத்திரம்!

அடுத்து பாக்கெட் மேல 85 சதவீத இடத்துல எச்சரிக்கைப் படம். 2016-லேர்ந்து இருக்கு, நல்ல விஷயம். புகையை விட உதவி கேட்க 1800-11-2356-னு இலவச எண்ணும் அதுலயே அச்சடிக்கிறாங்க. ஆனா டீக்கடையில நின்னு ஒத்தை சிகரெட் வாங்குறவன் பாக்கெட்டைப் பார்க்கிறானா? படமும் கடைக்காரர்கிட்ட, நம்பரும் கடைக்காரர்கிட்ட. சில்லறை விற்பனையைத் தடுக்க 2020-ல ஒன்றிய அரசே ஒரு திருத்த மசோதா வரைவு கொண்டு வந்துச்சு. அது சட்டமாகல. வேப்புக்கு ராத்திரியோட ராத்திரியா அவசரச் சட்டம் போடத் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மட்டும் நேரம் கிடைக்கல.

பீடி கதை இன்னும் மோசம். 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி கவுன்சில்ல பீடி வரியை 28-லேர்ந்து 18 சதவீதமா குறைச்சு முடிவெடுத்தாங்க. உடனே நம்ம பக்கத்துலயே சிலர், "பீடித் தொழிலாளி வயித்துல அடிக்காதீங்க"ன்னு வருவாங்க. திருநெல்வேலி, தென்காசி பக்கம் வீட்டுத் திண்ணையில உக்காந்து பீடி சுத்துற அக்காமார் நம்ம சொந்தங்கள்தான். அதான் கேட்கிறேன்: வரியைக் குறைச்சா கம்பெனிக்கு மிச்சம். ஆயிரம் பீடிக்கு அந்த அக்கா கையில வர்ற கூலியை ஏத்தணும்னு ஒரு நிபந்தனையாவது போட்டாங்களா? புகைத்தூள் மூக்குல ஏறுறது அவங்களுக்கு, லாபம் இன்னொருத்தனுக்கு.

இப்போ விட நினைக்கிறவன்கிட்ட வருவோம். அவனுக்குச் சட்டப்படி கிடைக்கிற, சோதிச்ச வழி நிக்கோட்டின் கம், பேட்ச். ஒன்றிய அரசே 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இதைச் சேர்த்திருக்கு. பட்டியல்ல ஏத்தினா போதுமா? கூலி வேலைக்குப் போறவர் தினமும் மெடிக்கல் ஷாப்ல அட்டை அட்டையா வாங்க முடியுமா? பிரிட்டன்ல 2023-ல பத்து லட்சம் பேருக்கு அரசே வேப் கிட் இலவசமா குடுத்து, கூடவே ஆலோசனையும் தர்றதா அறிவிச்சாங்க. அதே நாடுதான் 2025 ஜூன்ல யூஸ் அண்ட் த்ரோ வேப்பைத் தடை பண்ணுச்சு. அங்க தடையும் உண்டு, மாற்றும் உண்டு. அவங்க மாதிரி வேப் குடுங்கன்னு நாம கேட்கல. நம்ம நாட்டுப் பட்டியல்ல இருக்கிற கம்மை குடுங்கன்னுதான் கேட்கிறோம்.

கம் வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம், பல பேர் தப்பாதான் மெல்லுறாங்க. பபிள்கம் மாதிரி மென்னா நிக்கோட்டின் வயித்துக்குப் போயி விக்கல், குமட்டல் வரும், "இது வேலைக்கு ஆகாது"ன்னு தூக்கிப் போட்டுடுவீங்க. மெதுவா மெல்லுங்க, காரம் தெரிஞ்சதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்குங்க. காரம் அடங்கினா மறுபடி மெல்லுங்க. அரை மணி நேரம் இப்படியே. டீ, காபி குடிச்சு கால் மணி நேரம் கழிச்சுதான் போடணும். தூங்கி எழுந்த அரை மணிக்குள்ளயே பத்த வைக்கிற ஆளுன்னா 2 மில்லிகிராம் பத்தாது, 4 வேணும். அதை டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. இதய நோய் இருக்கிறவங்க, கர்ப்பிணிகள் கேட்காம எதையும் தொடாதீங்க.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. "நிக்கோட்டின் கம் இருக்கா, எத்தனை நாளைக்குத் தருவீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. சண்டை வேண்டாம், நர்ஸ் அக்கா மேல கோவப்பட வேண்டாம், ஸ்டாக் அவங்க கையில இல்ல. என்ன பதில் வந்துச்சோ, ஊர் பேரோட கீழ எழுதுங்க. மாவட்ட வாரியா தொகுத்து நம்ம எம்பிக்கள் கையில குடுக்கிற வேலையை ஐடி விங் பார்த்துக்கும்.

#கம்_எங்கே