கௌரவத்தின் விலை

‘எழுத்தாளரான நீங்கள் மலிவுச் சரக்கோடு நாலு பேர் முன்னால் உட்காரலாமா?’ என்று கேட்கிறார் நண்பர். மடிக்கணினி என்றால் ஆப்பிள்தானாம்.

யந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. 2020-இன் இறுதியிலிருந்து வரும் மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. நடுநிசியில் எழுதுகிறவனுக்கு அந்த நிசப்தம் பெரிய வரம். (என் பழைய பெட்டி மாவு மில்லைப்போல இரைகிறது.) ஆனால் அதன் நினைவகம் சில்லோடு சேர்த்தே பொருத்தப்பட்டது. 8 ஜிபி வாங்கியவருக்குக் கடைசிவரை 8 தான். நாளைக்குப் போதாமல் போனால்? பெட்டியையே மாற்ற வேண்டும். காசைக் கொட்டி வாங்கிய பொருளின் ஆயுளை நிர்ணயிக்கிற உரிமை எனக்கில்லை என்றால், நான் அதற்குச் சொந்தக்காரனா, குடித்தனக்காரனா?

2018-இல் வந்த திங்க்பேடு டி480-ஐப் பாருங்கள். அடிமூடியைக் கழற்றினால் நினைவகத்துக்கு இரண்டு இடங்கள். பின்பக்க மின்கலத்தைத் திருப்புளி இல்லாமலே எடுத்து மாற்றலாம். கைமாறி வந்ததென்றால் விலையும் சொற்பம். மலிவெல்லாம் இப்படி என்று சத்தியம் செய்யமாட்டேன். மலிவுப் பெட்டிகளிலும் நினைவகத்தைப் பற்றவைத்து விற்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டும். பிரான்சில் 2021-இல், மடிக்கணினியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டே விற்க வேண்டும் என்று விதி செய்தார்கள். இங்கே கடைக்காரர் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

டி480 தான் வாங்கப் போகிறேன். என்னோடு காப்பி சாப்பிட நண்பர் வெட்கப்பட்டால் படட்டும்.