இல்லாதவனிடம் அறவிடும் கட்டணம்

கடன்பட்ட மனிதனைப் பற்றி நம் மேடைகளில் யார் பேசினாலும் ஒரு வரி தவறாமல் வந்து விழுகிறது. இலங்கை வேந்தனின் கலக்கத்திற்குக் கடன்பட்டார் நெஞ்சத்தை உவமை கூறும் அவ்வரியைக் கம்பன் வாக்கென்று முழங்கிக் கைதட்டலும் பெற்றுவிடுவர். கம்பராமாயணத்தை எத்தனை முறை புரட்டினாலும் அவ்வரி அதில் அகப்படாது என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். அது கிடக்கட்டும். கடன் என்றதும் கடன்பட்டவனுடைய நெஞ்சத்தை ஆராயப் புகுவதும், கடன் கொடுத்தவனுடைய கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாராமல் விடுவதும் நம்மிடையே ஊறிப்போன பழக்கம். அந்தப் புத்தகத்தின் ஒரு மூலையை, மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டுள்ள மூலையை, வாசகர் முன் விரித்துவைக்க விரும்புகிறோம்.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் கடன் இல்லாதவர் எவருமில்லை. வீட்டுக்குக் கூரை போட எடுத்தவர், தங்கையின் திருமணத்திற்கு எடுத்தவர், பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் எடுத்தவர், பிறருக்குப் பிணை நின்று அகப்பட்டுக் கொண்டவர் எனப் பலரும் உளர். ஊதாரித்தனத்தால் கடனாளியானவரை நாம் இங்கு தேடியும் காணவில்லை. 2021ஆம் ஆண்டில் ஆசிரியரும் அதிபரும் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி மாதக்கணக்கில் போராடினர். போராடிப் பெற்ற சிறு உயர்வு கைக்கு வந்து சேருமுன்னரே விலைவாசி அதனை விழுங்கிற்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. அதே ஆண்டு ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் பெற்றிருந்தவரின் தவணைத் தொகை, அவர் ஒரு சதமேனும் புதிதாகக் கடன் பெறாமலே வளர்ந்தது. வட்டி பின்னர் இறங்கிற்று என்பது மெய்யே. ஆனால், அந்த ஆண்டுகளில் உணவுக்கும் மருந்துக்கும் பட்ட கடன் இறங்கவில்லை.

வட்டியைப் பற்றி நாடே பேசுகிறது. பேசப்படாத பொருள் கட்டணம். கடன் கொடுக்கும்போது ஆவணக் கட்டணம், காப்புறுதிக் கட்டணம், முத்திரைத் தீர்வை. கடனட்டைக்கு ஆண்டுக் கட்டணம். குறுஞ்செய்தி அனுப்பக் கட்டணம். வேற்று வங்கியின் இயந்திரத்திலே பணம் எடுத்தால் கட்டணம். கணக்கில் மிகுதி குறைந்தால் கட்டணம். தவணை பிந்தினால் தண்டம். பிந்தினால்தான் தண்டம் என்று எண்ணிவிடாதீர்கள். சம்பள நிலுவை கிடைத்த மகிழ்ச்சியில் கடனை முந்திக் கட்டி முடிக்கப் போனாலும், வட்டி வருமானம் போய்விடுகிறதே என்று அதற்கும் ஒரு கட்டணம் கேட்பவை உண்டு.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு கணக்காகவே பார்ப்போம். கணிதம் கற்பிக்கும் நண்பர்கள் இதனை வகுப்பிலும் பயன்படுத்தலாம். தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. வங்கிக்கு வங்கி இவை வேறுபடும். ஓர் ஆசிரியையின் மாதத் தவணை 18,500 ரூபா. குறித்த நாளில் அதனைத் தானாகவே கழித்துக்கொள்ளும்படி அவர் வங்கிக்குக் கட்டளை கொடுத்திருக்கிறார். கணக்கில் 18,900 ரூபா உண்டு. தவணைக்குப் போதும், 400 ரூபா மிஞ்சும். முதல்நாள் இரவு, அவர் எதிர்பாராத ஆண்டுக் கட்டணம் ஒன்று 600 ரூபாவைக் கழித்துவிடுகிறது. மிகுதி 18,300. விடிந்ததும் தவணை போகவில்லை. 200 ரூபா குறைவு. குறைந்ததற்குக் கட்டணம் 500 ரூபா. அந்த 500 எங்கிருந்து எடுக்கப்படுகிறது? ஏற்கெனவே குறைந்துபோன அதே 18,300இலிருந்து. இப்போது குறைவு 200 அன்று, 700. செய்தி கண்டு அவர் பணம் தேடித் திரிந்து செலுத்த 5 நாள் செல்கிறது. அந்த 5 நாளுக்குத் தண்டவட்டி வேறு.

ஆண்டுக்கு 36 வீதம் என்ற கொடிய வட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த 200 ரூபாவுக்கு 5 நாள் வட்டி ஒரு ரூபாவும் ஆகாது. தவணை முழுவதும், அதாவது 18,500 ரூபாவும், 5 நாள் பிந்தியதென்றே கொண்டாலும் வட்டி ஏறத்தாழ 91 ரூபா. அறவிடப்பட்டதோ 500. காலத்தின் விலை வட்டி என்று பொருளியல் நூல்கள் கூறும். காலத்தின் விலை 91 ரூபாவாயின், எஞ்சிய 409 ரூபா எதன் விலை? பணமில்லாதிருந்ததன் விலை என்பதைத் தவிர வேறு விடை நமக்குத் தோன்றவில்லை. அதையும், அந்த இல்லாமையைத் தானே உண்டாக்கிய ஒரு நிறுவனம், உண்டாக்கிய மறுநாளே அறவிடுகிறது. அவசரத்துக்குக் கடனட்டையில் காசாக எடுத்துக் கட்டினாரோ, எடுத்த நாள் தொட்டே வட்டி. எடுத்ததற்குத் தனிக் கட்டணம். ஒரு கட்டணம் இன்னொரு கட்டணத்தை ஈன்று வளர்க்கும் இந்த வம்சவிருத்தியில், கடனை அடைக்கவென அவர் ஒதுக்கிய பணம் கடனைத் தொடாமலே தீர்ந்துபோகிறது.

எம்மோடு கற்பிக்கும் ஒருவருக்கு ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. கிளைக்குச் சென்று கேட்டபோது முகாமையாளர் மரியாதையாகவே பதில் சொன்னாராம்: "கணினி தானாகக் கழித்துவிட்டது, டீச்சர். எங்கள் கையில் ஒன்றுமில்லை." கணினியின் மீது பழிபோடும் இந்தப் பணிவை நாம் இரசிக்க முடியவில்லை. பண்ணையார் காலத்துக் கணக்கப்பிள்ளையும் "ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றே சொல்லியிருப்பான். ஏட்டை எழுதியவர் ஒருவர் உண்டு. கணினிக்குக் கட்டளையிட்டவரும் ஒருவர் உண்டு. கட்டணம் கழிக்கத் தானாக இயங்கும் இயந்திரம், தவறாகக் கழித்ததைத் திருப்பித் தரும்போது மட்டும் மூன்று கையொப்பங்களையும் தலைமை அலுவலகத்தின் அனுமதியையும் எதிர்நோக்குவது ஏனோ!

"நீங்கள் ஒப்பமிட்ட பத்திரத்தில் எல்லாம் இருக்கிறது" என்பது அவர்களுடைய இறுதி அஸ்திரம். ஒப்பம் உண்மைதான். எத்தனை பக்கம், எந்த மொழி, எந்த அளவு எழுத்து, வாசிக்கத் தந்த நேரம் எவ்வளவு என்பவற்றையும் சேர்த்துப் பேசினால் அந்த அஸ்திரத்தின் கூர் மழுங்கும். இந்த நாட்டின் சட்ட வரலாற்றில் வட்டிக்கடைக்காரனுக்கே இந்தச் சலுகை கிடைத்ததில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வட்டியாக அறவிடும் தொகை முதலை மிஞ்சலாகாது என்றது. 1918ஆம் ஆண்டின் பணக்கடன் கட்டளைச் சட்டமோ இன்னும் நுணுக்கமானது. கடனுக்கு ஈடாக எழுதும் பிராமிசரி நோட்டில், உண்மையாகக் கைக்குக் கொடுத்த முதல் எவ்வளவு, வட்டியாகவும் கட்டணமாகவும் முன்கூட்டிக் கழித்தது எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்பவற்றைத் தனித்தனியே தெளிவாக எழுத வேண்டும் என அது விதித்தது. வெள்ளையர் ஆட்சி ஏழைகளின் நண்பனாக இருந்ததென்று நாம் சொல்ல வரவில்லை. முன்கூட்டிக் கழிக்கும் பணமே கடன்காரனை ஏய்க்கும் பழைய வழி என்பதை அவ்வாட்சியே அறிந்திருந்தது. வட்டி என்று எழுதினால் நாலு பேர் கேட்பர்; கட்டணம் என்று எழுதினால் கேட்பாரில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அதே கை அதே பைக்குள் நுழைகிறது.

கேட்க விதிகளே இல்லை என்றும் கூற முடியாது. 2011இல் மத்திய வங்கி வாடிக்கையாளர் சாசனம் ஒன்றை வங்கிகளுக்கு விதித்தது. 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்தன. கட்டணங்களை முன்னரே அறிவித்தல் வேண்டும், வாடிக்கையாளர் விரும்பும் மொழியில், சிங்களம், தமிழ், ஆங்கிலம் எதுவாயினும், விளக்குதல் வேண்டும் என்பன இவற்றின் சாரம். நல்லது. நமது ஊர்க் கிளையொன்றில் போய்க் கட்டணப் பட்டியலைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத் தாளொன்றை நீட்டி, "இதில் எல்லாம் விபரமாக இருக்கிறது" என்பார்கள். விதி கொழும்பில் வாழ்கிறது. கட்டணம் நம்மூரில் வாழ்கிறது.

இந்நிலையில்தான் "நிதி அறிவு" என்றொரு புதிய உபதேசம் பாடசாலை மண்டபங்களுக்கு வந்திருக்கிறது. உபந்நியாசகர் ஒருவர் வந்து, வரவுக்குள் செலவு செய்க, தேநீர்க் காசைச் சேமியுங்கள், மாதச் செலவைக் குறித்து வையுங்கள் என்று போதிக்கிறார். கணக்கு எழுதுவதில் தவறில்லை. எங்கள் தாய்மார் அடுப்படிச் சுவரில் கரிக்கோடிட்டுப் பால்கணக்கு வைத்தவர்கள். ஆயினும், ஒரு மணிநேர உபந்நியாசத்தில் கட்டணப் பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் வராதது தற்செயலென்று நாம் நம்பத் தயாரில்லை. கூட்டத்திற்குத் தேநீரும் கோப்பும் வழங்கியவர் எவர் என்று பார்த்தால் காரணம் புலனாகும். திருடு போன வீட்டுக்காரனுக்குச் சிக்கனம் போதிக்கும் இந்த அறிவு, கடனாளியின் வெட்கத்தைத்தான் வளர்க்கிறது. வெட்கப்பட்டவன் கேள்வி கேட்கமாட்டான். 500 ரூபா போனது போகட்டும், நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகுமே என்று ஒதுங்கிவிடுவான். நமது மத்தியதர வர்க்கத்தின் இந்த மான உணர்ச்சி வங்கிகளுக்கு எத்தகைய பாதுகாப்பு என்பதைச் சொல்லி முடியாது.

தவணை தவறியவர்களுள் மிகப் பெரியவர் யார் என்பதையும் மறத்தலாகாது. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி இலங்கை அரசே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அதற்கு எவரும் 500 ரூபா தண்டம் விதிக்கவில்லை. மாநாடுகள் கூடின, ஆலோசகர்கள் வந்தனர், தவணைகள் நீண்டன. 2024 டிசெம்பரில் முறிக்காரரோடு மாற்று உடன்படிக்கை நிறைவேறியது. கடனாளி இயலாதபோது தவணையை மாற்றி எழுதலாம் என்பது அப்போது உலகப் பொருளியலின் ஞானமாயிற்று. அந்த ஞானத்தின் செலவை யார் ஏற்றனர்? 2023இல் உள்நாட்டுத் திறைசேரி முறிகளை மறுசீரமைத்தபோது, வங்கிகளின் கையிலிருந்த முறிகள் விலக்களிக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் மாற்றப்பட்டன. தோட்டத் தொழிலாளியினதும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணினதும் முதுமைக்கால அரிசி அந்த நிதியில்தான் கிடக்கிறது. நாட்டுக்கு ஒரு நீதி, ஆசிரியைக்கு ஒரு நீதி என்ற நிலையை எந்த நூலைக் கொண்டு நியாயப்படுத்துவர்?

நமது துன்பமும் பெரிதன்று என்னும்படி வாழ்வோர் உளர். போருக்குப்பின் வடக்கிலும் கிழக்கிலும் குடிசை வாசலுக்கே வந்து கடன் கொடுத்த நுண்நிதி நிறுவனங்களிடம் சிக்கிய பெண்களின் நிலை இன்னும் கொடியது. 2018இல் அரசு அத்தகைய கடனுக்கு 35 வீத உச்ச வட்டி விதிக்க நேர்ந்தது என்பதிலிருந்தே, அதற்கு முன் நடந்ததை ஊகிக்கலாம். 2021இல் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தனர். கிளிநொச்சியில் தவணை கட்டும் பெண்ணும் ஹிங்குராக்கொடையில் உட்கார்ந்த பெண்ணும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவர்கள் என்பதை நமது தலைவர்கள், இரு பக்கத்துத் தலைவர்களும், மேடையில் சொல்லக் கேட்டதில்லை.

இனிச் செய்யக்கூடியது யாது? தனித்தனியே செய்யக்கூடியன சில உண்டு. அவற்றை இகழ வேண்டாம். தவணைக்கென வேறு கணக்கொன்று வைத்து, அதில் கடனட்டையோ வேறு சேவையோ தொங்கவிடாதிருப்பது நன்று. தவணைத் திகதியைச் சம்பளத் திகதிக்குச் சில நாள் பிந்தி வைக்கும்படி எழுத்தில் கேட்கலாம். கழித்த கட்டணத்திற்குக் காரணமும் விதியும் கேட்டு எழுத்தில் முறையிடலாம்; வாய்ப்பேச்சுக்குச் சான்றில்லை. பதில் திருப்தியற்றதாயின் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் உண்டு. நிதிசார் குறைகேள் அதிகாரி உண்டு. 500 ரூபாவுக்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றும். அலைச்சல் 500க்கு மேற்படும் என்ற கணக்கில்தான் அந்தக் கட்டணமே நிலைக்கிறது.

ஆதலால் ஒருவர் அலைவது போதாது. இந்த நாட்டில் கடனுக்கு விடை தேடியோர் கூட்டாகவே தேடினர். 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது கிராமத்துக் கடன்சுமையின் பொருட்டே. 1934இன் வங்கி ஆணைக்குழுவைத் தொடர்ந்து 1939இல் இலங்கை வங்கி பிறந்தது, நம்மவர்க்கு அன்னிய வங்கிகளின் கதவு திறவாமையினால். 1961இல் அது தேசியமயமாயிற்று. அதே ஆண்டில் கூட்டுறவு இயக்கத்தின் வங்கியிலிருந்து மக்கள் வங்கி உருவாயிற்று. மக்கள் பணத்தால் எழுந்த அரச வங்கிகளாவது இந்தக் கட்டண ஏட்டைத் திருத்த முன்வரவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசுகின்றன, பேசத்தான் வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கிற்குள் விழுந்த பின் அதற்கு நேர்வதையும் கோரிக்கைப் பத்திரத்தில் சேர்க்கட்டும். குறைவுக் கட்டணம் குறைந்த தொகையை மிஞ்சலாகாது. வங்கியே கழித்த கட்டணத்தால் தவணை தவறினால் தண்டம் கூடாது. சம்பளம் அரசின் தாமதத்தால் பிந்தினால் அந்த நாட்களுக்கு எந்த அறவீடும் கூடாது. கட்டணப் பட்டியல் ஒவ்வொரு கிளைச் சுவரிலும் தமிழிலும் சிங்களத்திலும், முதியோர் வாசிக்கும் எழுத்தில் தொங்கவேண்டும். அடுத்த கிளைக்கூட்டத்திற்கு வரும் நண்பர்கள் தங்கள் கடந்த 12 மாதக் கணக்குக் கூற்றைக் கையோடு கொண்டுவரட்டும். பெயரை மறைத்துவிட்டுக் கட்டணங்களை மட்டும் கூட்டிக் கரும்பலகையில் எழுதுவோம். அத்தொகையோடு முகாமையாளரைக் காணச் செல்வோம்.