ஸ்டீவன்சனும் பதினைந்து சுற்றுகளும்

குத்துச்சண்டை பழக்குவோர் இருவர் ஓரிடத்தில் கூடினால், அது யாழ்ப்பாண நகரத்து மண்டபமாயினும் சரி, நெடுந்தீவுப் படகை எதிர்பார்த்துக் குறிகட்டுவான் துறையில் நிற்கும் வேளையாயினும் சரி, சிறிது நேரத்தில் வந்து சேரும் வழக்கு ஒன்று உண்டு. 1972இல் மியூனிச்சிலும், 1976இல் மொன்றியலிலும், 1980இல் மொஸ்கோவிலும் பார எடைப் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற கியூபாவின் தியோபிலோ ஸ்டீவன்சன், தம் நாட்டுச் சட்டத்தை மீறித் தொழில்முறைக் களத்தில் இறங்கியிருந்தால், மொஹமட் அலியின் காலத்தில் நின்று பிடித்திருப்பாரா என்பதே அவ்வழக்கு. பிடித்திருப்பார் என்போர் அவருடைய வலக்கையைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். மாட்டார் என்போர் மூன்று சுற்றுக்கும் பதினைந்து சுற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டுகின்றனர். இரு கட்சியாரும் சாட்சிகளைச் சரிவர விசாரிக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் அவரோடு மோதியவர்களின் பிற்கால சரித்திரத்தைக் கொண்டு அவரை அளக்கும் முறையைப் பார்ப்போம். மொன்றியலில் அரையிறுதியின் முதற் சுற்றிலேயே அவரிடம் வீழ்ந்த ஜோன் டேற், 1979 ஒக்டோபரில் பிரிட்டோரியாவில் கெரி கோட்சியை வென்று உலக குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்தைச் சூடினார். ஆகவே ஸ்டீவன்சன் அதைவிட எளிதாகச் சூடியிருப்பார் என்று சிலர் முடித்துவிடுகின்றனர். மியூனிச்சில் அவரிடம் மூன்றாம் சுற்றில் தோற்ற டுவேன் பொபிக், தொழில்முறையில் தொடர் வெற்றிகளோடு ஏறிவந்து, 1977இல் கென் நோர்ட்டனிடம் ஒரு நிமிடத்துக்குள் சுருண்டாரே என்றால், அதற்கு அவர்களிடம் விடையில்லை. இம்முறையால் எதையும் நிரூபிக்கலாம். ஆதலால் எதுவும் நிரூபணமாகாது. டேற்றின் கதையில் நாம் கவனிக்கத்தக்கது வேறு: பட்டம் பெற்ற சில மாதங்களிலேயே, புள்ளிகளில் முன்னணியில் இருந்தும், மைக் வீவரிடம் பதினைந்தாம் சுற்றின் கடைசி நிமிடத்தில் அவர் மயங்கி வீழ்ந்தார். அமெச்சூர் ஏட்டில் எழுதப்படாத சுற்று அது.

அப்படியாயின் நம்பத்தக்க சாட்சி எது? 1971இல் காலி நகரில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுக்களில் ஸ்டீவன்சன் இதே பொபிக்கிடம் தோற்றார் என்பதை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அப்போது பத்தொன்பது வயதினரான அவருக்கு இயற்கை கொடுத்த வலக்கை இருந்ததேயன்றி, அதற்கு வழிதிறக்கும் இடக்கை இருக்கவில்லை. அல்சிடெஸ் சகாராவும் சோவியத்திலிருந்து வந்திருந்த அந்திரேய் செர்வொனென்கோவும் அந்த இடக்கையை நேர்க்குத்தாக வார்த்தெடுக்க, மறு ஆண்டு மியூனிச்சில் பொபிக் சந்தித்தது முற்றிலும் வேறொரு மனிதரை. ஓராண்டுக்குள் தம்மைத் திருத்தியமைத்துக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தையே நாம் அவருடைய வலக்கையைவிடப் பெரிய சம்பத்தாக மதிக்கிறோம்.

அவருக்குக் குறையில்லாமலில்லை. சோவியத்தின் இகோர் விசோட்ஸ்கி அவரைவிடக் குட்டையானவர். ஆயினும் அந்நீண்ட கைகளுக்கு உட்புகுந்து நின்று இருமுறை வென்றார், ஒருமுறை வீழ்த்தியே வென்றார். மொஸ்கோ அரையிறுதியில் ஹங்கேரியின் இஸ்த்வான் லேவாய் வெல்ல முயலாமல் விலகி விலகி ஓடியே மூன்று சுற்றையும் கடந்து, ஒலிம்பிக்கில் ஸ்டீவன்சனிடம் முழு நேரமும் நின்ற முதல்வரானார். அருகே வருபவனிடமும் அகன்று செல்பவனிடமும் அவருக்கு இடர் இருந்தது என்பது தெளிவு. அமெச்சூர் அரங்கில் இருவர் கட்டிக்கொண்டதும் நடுவர் விரைந்து பிரித்துவிடுவார். தொழில்முறையிலோ அந்தக் கட்டிப்பிடியே ஒரு கலை, அதில் அலி ஆசானுக்கு ஆசான். ஆகையால் 1976இல் அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் பத்து இலட்சம் டொலர் காட்டி அழைத்தபோது அவர் இசைந்து நேரே அலிக்கு எதிரே நின்றிருந்தால், அலி அப்போது தளர்ந்திருந்தும், எட்டாம் ஒன்பதாம் சுற்றுக்குமேல் வெற்றி அவருக்குரியதாக இருந்திராது என்றே கருதுகிறோம். மியூனிச் முடிந்த கையோடு, இருபது வயதில், நாலாண்டு பொறுமையாகப் பழக்கப்பட்டிருப்பாராயின், எழுபதுகளின் இறுதியில் அவரை மறுக்கத்தக்கவர் லாரி ஹோம்ஸ் ஒருவரே. அவர் போகாமைக்குக் காரணம் அச்சமென்பாரோடு நமக்கு வாதமில்லை. அது அற்பமான பேச்சு.

நடந்திராததைப் பற்றிய இந்த ஊகத்துக்கு, நடந்ததொன்றை உரைகல்லாக வைக்கலாம். பிவானியில் பயின்று 2008இல் பெய்ஜிங்கில் வெண்கலம் பெற்ற விஜேந்தர் சிங், 2015 ஒக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறையில் அடியெடுத்து வைத்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் டெல்லியில் கெரி ஹோப்போடு பத்துச் சுற்றும் நின்று உலக குத்துச்சண்டை அமைப்பின் ஆசிய பசிபிக் பட்டத்தை வென்றார். மூன்று சுற்று வீரன் பத்துச் சுற்று தாங்கான் என்ற வாதம் அன்றே பழுதாயிற்று. ஆனால் அவர் புறப்பட்டபோது வயது முப்பதைத் தொட்டிருந்தது. ஆட்டங்களுக்கிடையே நீண்ட இடைவெளிகள் விழுந்தன. 2019இல் தெற்கு டெல்லித் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலிலும் நின்று பார்த்தார். பன்னிரண்டு வெற்றிகளுக்குப் பின் 2021 மார்ச்சில் கோவாவில் ரஷ்யரான லொப்சானிடம் முதல் தோல்வி கண்டார். உலகப் பட்டத்துக்கான ஆட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை. தூரம் அவரைத் தோற்கடிக்கவில்லை, தாமதமே தோற்கடித்தது. சிட்னியிலும் ஏதென்ஸிலும் தங்கம் பெற்று, 2009இல் கியூபாவை நீங்கி, இருபத்தெட்டு வயதில் தொடங்கியும் 2013இல் நொனிட்டோ டொனேயரை வென்ற கில்லர்மோ ரிகோண்டோவை எடுத்துக்காட்டி நம்மை மறுக்கலாம். அவருடைய வித்தை அடிபடாமல் விலகும் கால்வித்தை; அது அரங்கு மாறினாலும் மாறாது. குத்தையே நம்பிய பார எடைக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

இவ்விதழை வாசிப்போரிடம் உலகப் பட்டத்துக்குரிய பிள்ளை எவரும் இன்று இல்லாதிருக்கலாம். ஆயினும் விவகாரம் நமக்கு அந்நியமானதன்று. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ நெட்டையாக வளர்ந்த பையனொருவன் வாய்த்தால், அவனுக்கு நிகரான எடையில் சோடி சேர்க்கப் படகேற்றி அக்கரைக்குக் கூட்டிச் செல்லவேண்டியிருக்கிறது. சோடி கிடைக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் நாம் அவனுடைய கை நீளத்தையே மீண்டும் மீண்டும் தீட்டுகிறோம், ஏனெனில் மாவட்டப் போட்டியில் பதக்கம் கொண்டுவருவது அதுவே. குட்டைப் பையன் ஒருவனை அவனுக்கு உள்ளே புகவிட்டு, பிரிக்காமல் ஒரு நிமிடம் விட்டுப்பார்க்கும் பயிற்றுநர் அரிது. போட்டியில்லாத மாதங்களிலேனும் அதைச் செய்யவேண்டும். எடை வித்தியாசத்தை மனத்திற்கொண்டு, குத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, தலைக்கவசத்தோடு செய்யவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1962 முதல் தொழில்முறை விளையாட்டைத் தடுத்துவைத்திருந்த கியூபா, 2022இல் குத்துச்சண்டையில் அத்தடையைத் தளர்த்தியது. அவ்வாண்டு மே மாதம் மெக்சிக்கோவின் அகுவஸ்கலியெண்டெஸ் நகரில் ஜூலியோ சீசர் லா குரூஸ் முதலான ஒலிம்பிக் வீரர்கள் தம் நாட்டின் சம்மதத்தோடேயே தொழில்முறை அரங்கேறினர். பழைய வழக்குக்கு இனித் தீர்ப்புக் கிடைத்துவிடும் என்று சிலர் மகிழ்கின்றனர். லா குரூஸுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அவருடைய வெற்றி தோல்விகள் விஜேந்தரின் கணக்கோடு சேருமேயன்றி, மியூனிச்சிலிருந்து திரும்பிய இருபது வயதினரின் கணக்கில் சேரா.