அச்சைப் பாருங்கள், திரைச்சீலை பிறகு



வழக்கமாக இந்தப் பக்கத்தில் மூன்று நான்கு கடிதங்களுக்குப் பதில் எழுதுவோம். இம்முறை ஒரே ஒரு கடிதம்தான். எழுதியவர் ஓர் உம்மும்மா. அவருடைய மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளுடன் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேற்கு மாநிலங்கள் வரை நீண்ட பிரயாணம் போவதற்காக, வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். 1973ஆம் ஆண்டில் செய்த ஏயார்ஸ்ட்ரீம். 27 அடி நீளம். வட்டிக் கடன் எடுக்காமல், சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கியதாம்.

"வண்டியைப் பார்த்த ஒருவர் அடியிலுள்ள அச்சு இரண்டையும் மாற்றச் சொன்னாராம். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. டயர் நான்கும் புதிது, அச்சு இரும்புதானே, உடையவும் இல்லை, வளையவும் இல்லை, அதற்கு ஏன் ஆயிரக்கணக்கில் டொலர் கொட்ட வேண்டும் என்கிறார். மகள் பயப்படுகிறாள். வண்டியை விற்றுவிடச் சொல்லலாமா என்று எனக்கு யோசனை. பேரப்பிள்ளைகளின் உயிர் அல்லவா? நான் என்ன சொல்வது?" இது அவருடைய கேள்வி. மகள் அனுப்பிய படம் ஒன்றையும் இணைத்திருக்கிறார்.

சகோதரி, முதலில் அந்த விற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் மகள் ஏன் இந்த வண்டியை விரும்பினார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வழியில் ஹலாலான சாப்பாட்டுக் கடை தேடி அலையத் தேவையில்லை, சொந்த அடுப்பில் சமைக்கலாம். பொதுக் கழிவறைத் தொட்டியில் பர்தாவை விலக்கி வுளூ செய்யத் தேவையில்லை. நிறுத்திய இடத்தில் விரிப்பை விரித்துக் கஸ்ராகத் தொழலாம். பிரயாணத்தில் ஒரு பெண் படும் சிரமம் ஒரு பெண்ணுக்குத்தான் விளங்கும். நல்ல யோசனைதான் அது.

வண்டியும் இலேசான பெயருடையதல்ல. வெள்ளித் தேயிலைப் பேணியைப் படுக்கப் போட்டது போல உருண்டு மினுங்கும் இந்த அலுமினிய வண்டிகளை உருவாக்கியவர் வொலி பயாம் என்ற அமெரிக்கர். 1959இல் அவர் 41 வண்டிகளையும் குடும்பங்களையும் திரட்டிக்கொண்டு தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் புறப்பட்டு, ஆபிரிக்கா முழுவதையும் ஊடறுத்துக் கெய்ரோ வரை போனார். 1969இல் சந்திரனில் இறங்கித் திரும்பிய விண்வெளி வீரர்களைக் கிருமிப் பயத்தால் அடைத்து வைத்தார்களே, அதுவும் இந்த வண்டி ஒன்றை மாற்றியமைத்த அறைதான். ஜனாதிபதி நிக்சன் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேசினார். அதற்கு மட்டும் சக்கரம் கிடையாது! உங்கள் மகளின் வண்டிக்குச் சக்கரம் உண்டு. பிரச்சினையே அங்குதான்.

கராஜில் எக்சல் என்று சொல்வார்கள், அந்த அச்சைத்தான் கேட்கிறீர்கள். நம் ஊர் லொறிகளின் அடியில் வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கடுக்காகக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழியில் விழும்போது அடியை வாங்குவது அவைதான். 1961ஆம் ஆண்டிலிருந்து ஏயார்ஸ்ட்ரீமில் அந்தத் தகடுகள் இல்லை. பதிலாக, அச்சே அந்த வேலையைச் செய்கிறது. சதுரமான ஓர் இரும்புக் குழாய். அதற்குள் கோணம் திருப்பி வைத்த இன்னோர் இரும்புத் தண்டு. இரண்டுக்கும் இடையில் நான்கு மூலைகளிலும் இறுக்கித் திணித்த றப்பர் உருளைகள். உள்ளே இருக்கும் தண்டின் நுனியில் ஒரு கை பின்பக்கமாக நீண்டிருக்கும். அந்தக் கையின் முனையில்தான் சக்கரம். சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது கை மேலும் கீழும் அசையும், தண்டு திரும்பும், றப்பர் நசிந்து மீளும். அந்த நசிவுதான் வண்டியைத் தாங்குகிறது.

ஆகவே மருமகன் சொல்வது பாதி சரி. இரும்பு உடையவில்லை. ஆனால் செத்தது இரும்பல்ல, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் றப்பர்.

றப்பரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1876இல் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் முதல் றப்பர் கன்றுகளை நட்ட நாடு இது. அதை விடுங்கள், குசினிக்குப் போய்ப் பாருங்கள். பிரஷர் குக்கரின் றப்பர் வளையம் நாளடைவில் கல்லாகிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ஓரம் வெடிக்கிறது. அலுமாரியில் வருடக்கணக்காகக் கிடந்த றப்பர் பட்டியை இழுத்தால் அறுந்து போகிறது. 1973இல் இறுக்கித் திணித்த றப்பர், ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு வீட்டின் பாரத்தைச் சுமந்துகொண்டு இளமையோடு இருக்குமா? இருபத்தைந்து முப்பது வருடங்களே அதற்கு நல்ல ஆயுள் என்பார்கள் இந்த வேலை தெரிந்தவர்கள்.

விற்றவர், "அதிகம் ஓடாத வண்டி, வளவில் சும்மா நின்றது" என்று புகழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். காருக்கு அது புகழாக இருக்கலாம். றப்பர் அச்சுக்கு அதுதான் கேடு. அசையாமல் ஒரே பாரத்தின் கீழ் நின்றால் நசிந்த றப்பர் நசிந்தபடியே உறைந்துவிடும்.

இனி உங்கள் படத்துக்கு வருவோம். மகள் பிள்ளைகளோடு வண்டிக்கு முன்னால் நின்று எடுத்த அழகான படம், மாஷா அல்லாஹ். ஆனால் பிள்ளைகளுக்குப் பின்னால் இருக்கும் சக்கரங்களைக் கவனியுங்கள். டயரின் மேற்பக்கம் நன்றாகவே வண்டியின் உடம்புக்குள் புகுந்து மறைந்திருக்கிறது. உடம்பின் வயிறு நிலத்தை நோக்கித் தாழ்ந்திருக்கிறது. நோஞ்சான் ஆட்டின் கால் மடங்கியது போல ஒரு தோற்றம். படத்தை வைத்து முடிந்த முடிவாகச் சொல்ல நான் பாஸ் அல்ல. ஆனால் சந்தேகம் பலமாக இருக்கிறது.

இதை நிச்சயம் செய்துகொள்ள உங்கள் மகளுக்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். சமமான தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்திலே குனிந்து சக்கரத்தின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் தலையை நுழைக்க வேண்டாம். குழாயிலிருந்து பின்னோக்கி வரும் அந்தக் கை எப்படி நிற்கிறது? சுகமான அச்சில் அது சக்கரத்தை நோக்கிக் கீழே சரிந்திருக்கும். கை தரைக்குச் சமாந்தரமாகக் கிடந்தாலோ, சக்கரத்தின் பக்கம் மேலே தூக்கி நின்றாலோ, றப்பர் போய்விட்டது. அவ்வளவுதான் சோதனை. இன்னொன்றும் உண்டு, அதைக் கணவரோடு சேர்ந்து செய்யட்டும். வண்டியின் சட்டத்தில் ஜக் வைத்து மெதுவாக உயர்த்தும்போது, நல்ல அச்சாக இருந்தால் உடம்பு உயர உயரச் சக்கரம் சற்று நேரம் தரையிலேயே நிற்கும், கை கீழே இறங்கிக்கொண்டு வரும். செத்த அச்சென்றால் சக்கரம் உடனே உடம்போடு சேர்ந்து கிளம்பிவிடும்.

மருமகனிடம் வாதாடுவதை விட இந்த டோர்ச்சைக் கையில் கொடுப்பது நல்லது. ஆண்கள் சொல்லை விடக் கண்ணை நம்புவார்கள்.

"அப்படியே ஓட்டினால் என்ன?" என்று அவர் கேட்கக்கூடும். வண்டி உடனே குடை சாயும் என்று நான் பயமுறுத்தமாட்டேன். பலர் அப்படி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் றப்பர் வாங்க வேண்டிய அடியை யாராவது வாங்கத்தானே வேண்டும்? அது நேரே சட்டத்துக்கும் உடம்புக்கும் போகிறது. இந்த வண்டியின் உடம்பு ஆயிரக்கணக்கான றிவெட் ஆணிகளால் தைத்த அலுமினியத் தகடு. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழலும், அந்த ஓட்டையால் மழை நீர் இறங்கும், தரைப்பலகை உக்கும். வண்டியின் பின் முனையில் உடம்பும் சட்டமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடுவது பழைய ஏயார்ஸ்ட்ரீம்களில் பேர்போன நோய். அலுமாரிக் கதவு திறந்து கோப்பைகள் விழுவது அதற்கெல்லாம் முன் அறிகுறி. இன்னொன்று, காஸ் குழாய்கள் வண்டியின் அடிப்பக்கமாகப் போகின்றன. நூற்றுக்கணக்கான மைல் இப்படி உதறினால் அவற்றின் மூட்டுகள் தளர இடமுண்டு. 2021இன் கடைசி மாதங்களில் நம் நாட்டில் காஸ் வெடிப்புகள் நடந்தபோது சவர்க்கார நீர் பூசிப் பார்க்கப் பழகினோமே, அதே சோதனையை மகளும் செய்யட்டும். அச்சு மாற்றினாலும் செய்யட்டும்.

மாற்றுவது எப்படி என்பதில் ஓரிரு விஷயங்கள் மட்டும். பழைய றப்பரை எடுத்துவிட்டுப் புதியதைத் திணிக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது கராஜ் வேலையல்ல, தொழிற்சாலை வேலை. முழு அச்சையும்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதிது பாரம் முழுவதையும் சுமக்கும். குழாய்க்குப் பக்கத்தில் வெல்டிங் நெருப்புக் காட்டக்கூடாது, சூட்டில் உள்ளே உள்ள றப்பர் கெட்டுவிடும்.

புதியதைச் சொல்லிச் செய்விக்கும்போது ஒரு பிழை அதிகம் நடக்கிறது. "பாரம் கூடத் தாங்கும் அச்சாகத் தாருங்கள், பலமாக இருக்கட்டும்" என்று கேட்பது. நாம் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது கொஞ்சம் பெரிதாகத் தைப்போமே, அந்தப் புத்தி இங்கே சரிவராது. வண்டியின் பாரத்தை விட மிகக் கூடிய அச்சைப் போட்டால் அந்தப் பாரத்துக்கு றப்பர் நசியாது. நசியாத புது றப்பரும் செத்த பழைய றப்பரும் ஒன்றுதான், காசு மட்டும் போய்விடும். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றித் தராசில் நிறுத்துப் பார்த்த பாரத்துக்கு அளவாகவே எடுக்க வேண்டும். சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள அகலம், சட்டத்தில் பொருத்தும் இடத்தின் அகலம், கையின் சரிவுக் கோணம் இவற்றைப் பழைய அச்சைப் பார்த்து அளந்து கொடுக்க வேண்டும். மருமகன் கெட்டிக்காரராக இருந்தால் இரண்டு நண்பர்களோடு தானே செய்யலாம். ஆனால் தாங்குகட்டைகளைச் சட்டத்தின் கீழ் வைக்காமல், ஜக்கை மட்டும் நம்பி அடியில் எவரும் படுக்கக்கூடாது. இதை உங்கள் மகளே நின்று பார்க்கட்டும். பழைய அச்சு இறங்கியதும் சட்டத்தில் வெடிப்பு உண்டா என்று பார்க்க இதை விட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. புதிய அச்சோடு புதிய பிரேக்கும் சேர்த்து எடுப்பது புத்தி. ஓடத் தொடங்கியபின் 10, 25, 50 மைல்களில் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். வண்டி முன்னை விட உயர்ந்து நிற்கும் என்பதால் கொழுவும் இடத்தின் உயரத்தையும் சரிசெய்ய வேண்டிவரும்.

இனிக் காசுக் கதை. திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் புது அடுப்புக்கும் ஏற்கனவே செலவழித்துவிட்டதாகவும், இனி அச்சுக்குக் கடனட்டையைத்தான் எடுக்க வேண்டும் என்று மருமகன் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வட்டியில்லாமல் வாங்கிய வண்டிக்கு வட்டியில் அச்சுப் போடுவதா? இந்த வருட விடுமுறையைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் முகம் வாடும், அது உண்மை. வண்டியைக் கொல்லையில் நிறுத்தி வார இறுதியில் அதற்குள்ளேயே படுத்து எழும்பட்டும். சிறுவர்களுக்கு அதுவும் பிரயாணம்தான். எங்கள் உம்மா ஒவ்வொரு பெருநாளைக்கும் முதலில் கூரை ஓட்டைப் பார்ப்பார், பிறகுதான் சுவருக்குச் சுண்ணாம்பு. நாங்கள் சுண்ணாம்புக்காக அழுவோம்.

பிரயாணம் தொடங்கும் நாளில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். வண்டி ஓடும்போது பிள்ளைகள் அதற்குள் இருக்கவே கூடாது. பல மாநிலங்களில் அது சட்டத்துக்கு மாறு. எங்கேயாவது சட்டம் இடம் கொடுத்தாலும் நீங்கள் இடம் கொடுக்காதீர்கள். முன்னால் இழுக்கும் வாகனத்தில், ஆசனப் பட்டி கட்டித்தான் போக வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் பாடம் நாம் ஓதப் போன காலத்தில் படித்ததுதானே.

மருமகனுக்கு இதையெல்லாம் நீங்கள் நேரே தொலைபேசியில் சொல்ல வேண்டாம். மாமி சொன்னதாகப் போனால் அச்சு ஒரு பக்கம் இருக்க, மனம் முறியும். மகளிடம் டோர்ச் விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். கை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று அவர்கள் இருவரும் சேர்ந்து குனிந்து பார்க்கட்டும். என்ன தெரிந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.